பூங்கா வாசல் பலகையை மாற்றுவது எப்படி

இலங்கையின் வடக்கில் இருக்கும் எங்கள் ஊர்ச் சிறுவர் பூங்காவின் வாசலில் ஒரு பலகை இருந்தது. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் திறந்திருக்கும், சைக்கிள் கொண்டுவரக் கூடாது, புல்லில் அமரக் கூடாது. சித்திரை வெயிலில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் எந்தப் பிள்ளை ஊஞ்சல் சங்கிலியைத் தொடும்? ரியூசன் முடிந்து பிள்ளைகள் வரும் நேரம் கேற் பூட்டிக் கிடக்கும். சனசமூக நிலையத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தப் பலகையை மாற்ற ஓடித் திரிந்தேன். வேறு ஊர்களில் இதே வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பலகையில் எழுதியிருப்பது எந்த வகை விதி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இது தெரியாமல்தான் நாங்கள் மாதக்கணக்கில் அலைந்தோம். அது உபவிதியாக இருந்தால், உள்ளூராட்சி சபை நிறைவேற்றி, மேலே அங்கீகாரம் பெற்று, அரசாங்க வர்த்தமானியில் வெளிவந்திருக்கும். மீறினால் நீதிமன்றத்துக்குப் போகலாம், தண்டம் விதிக்கலாம். வெறும் சபைத் தீர்மானமாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லாமல், எப்போதோ ஒரு அலுவலர் சொல்ல ஒருவர் எழுதி மாட்டியதாகவும் இருக்கலாம். எங்களுடையது கடைசி வகை. அதை மாற்ற வர்த்தமானி தேவையில்லை, மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

அலுவலகத்தில் நேரே கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: “பூங்காவின் திறப்பு நேரமும் தடைகளும் எந்த உபவிதி அல்லது தீர்மானத்தின்படி விதிக்கப்பட்டன? அதன் திகதியும் பிரதியும் தேவை.” அப்படியொரு பதிவு இல்லை என்று பதில் வந்தது. எங்களுக்கு அதுவே பாதி வெற்றி.

இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். யாழ் நகரின் சுப்பிரமணியம் பூங்கா என்றால் மாநகர சபை, கசூரினா கடற்கரை என்றால் காரைநகர் பிரதேச சபை. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா என்றால் வனசீவராசிகள் திணைக்களம், அங்கே சபைக்கு மகஜர் கொடுத்துப் பயனில்லை. யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பக்கம் போல வீதியும் கடலும் நடைபாதையும் ஒட்டிக் கிடக்கும் இடங்களில், எது யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

அப்புறம் பேனையை மூடிவிட்டுப் பூங்காவில் போய் இருங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஒரு வேலை நாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு என்று மூன்று நாள் மாறி மாறி இருந்து, யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், எதனால் திரும்பிப் போகிறார்கள் என்று ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினோம். விடிய ஐந்தரைக்கு ஏழெட்டுப் பெண்கள், கேற் பூட்டியிருப்பதால், லொறி போகும் றோட்டில் நடப்பதைக் கண்டோம். கூட்டங்களில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

இன்னொன்று என் சொந்த வீட்டு விஷயம். மோட்டார் சைக்கிள் உள்ளே போகாமலிருக்க வாசலில் இரும்புக் குழாய்களை நெருக்கமாக நாட்டியிருந்தார்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனேன். நாற்காலி நுழையவில்லை. பேரன் உள்ளே ஊஞ்சலில், அம்மா வெளியே வெயிலில். “பரவாயில்லைப் பிள்ளை, இஞ்சை இருந்தே பாக்கிறன்” என்றா. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பொது இடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போய்வர வழி இருக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டிலேயே ஒழுங்குவிதிகள் வந்திருக்கின்றன. அதை மகஜரில் குறிப்பிட்டுக் குறைந்தது 90 சென்ரிமீற்றர் இடைவெளி கேட்டோம். அந்த அளவில் மோட்டார் சைக்கிளும் நுழையும், அதை மறைக்க வேண்டாம். இரண்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான், நாற்காலியை விட்டு மோட்டார் சைக்கிளை மட்டும் தடுக்கும் குழாய் கிடையாது. அதைத் தடுக்கும் வேலையை விதியிடமும் காவலாளியிடமும் கொடுக்க வேண்டும்.

விதி எழுதும்போது ஆட்களைத் தடுக்காமல் செயலைத் தடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், “பிள்ளை, பெடியள் கூட்டமா நிக்கக் கூடாதெண்டு போடு” என்றார். “ஐயா, நிண்டு கதைக்கிறதிலை என்ன பிழை? உங்களுக்கு எது இடைஞ்சல்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாட்டுச் சத்தம்தான்” என்றார். சரி, “ஒலிபெருக்கியில் பாட்டுப் போடக் கூடாது” என்று எழுதினோம். “சைக்கிள் கூடாது” என்பதை “உருட்டிக்கொண்டு வரலாம், ஊஞ்சல் பகுதியில் ஓடக் கூடாது, சின்னப் பிள்ளைகளின் மூன்று சில்லுச் சைக்கிளுக்குத் தடையில்லை” என்று மாற்றினோம். புல் விதியை முழுதாக எடுத்துவிட்டோம். புதிதாகச் சேர்த்தது ஒன்று: சிரட்டை, கோம்பை, பிளாஸ்டிக் கோப்பைகளைப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. மாரியில் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், டெங்கு ஊரையே படுத்தும்.

மகஜரைச் சபைத் தவிசாளருக்கு எழுதி, சபைச் செயலாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி கொடுங்கள். கிடைத்தது என்று ஒப்பமிட்ட பிரதியொன்றை வாங்கி வையுங்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை சபைகளில் உறுப்பினர்கள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், தீர்மானத்தை முன்மொழிய ஒருவரைப் பிடிக்கலாம். கூட்டத்துக்கு முதல் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

காசுக் கேள்வி கட்டாயம் வரும். பூங்காவைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தால், காவலாளிக்கு அந்த இரண்டு மணி நேரச் சம்பளத்தை யார் கொடுப்பது? அடுத்த ஆண்டுப் பாதீட்டை வருடக் கடைசியில்தான் நிறைவேற்றுவார்கள், ஆவணி புரட்டாதிக்குள் கேட்டால் சேர்க்க வழியுண்டு. எங்கள் ஊரில் விடியப் பூட்டைத் திறக்கும் பொறுப்பை நடக்க வரும் பெண்களே முறைவைத்து எடுத்துக்கொண்டார்கள், பூட்டின் திறப்பு சனசமூக நிலையத்தில் இருக்கிறது.

தண்டத்தோடு விதி வேண்டுமென்றால் உபவிதிதான் வழி. 2018 ஒக்ரோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்த பிறகு மாகாண அமைச்சர் இல்லை, அங்கீகாரம் ஆளுநர் வழியாக வர வேண்டும். நேரம் எடுக்கும். முதலில் தீர்மானத்தோடு ஒரு வருடம் நடத்திப் பார்த்து, மீறல் உண்மையிலேயே தொடர்ந்தால் அந்தப் பாதைக்குப் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

புதுப் பலகையைப் பிள்ளையின் கண் மட்டத்தில் மாட்டச் சொல்லுங்கள். செய்யலாம் என்பவற்றை மேலே எழுதுங்கள், கூடாதவற்றைக் கீழே. அடியில் தீர்மானத்தின் திகதியையும், அடுத்து எந்த மாதம் மீளப் பார்க்கப்படும் என்பதையும் போடுங்கள். எங்கள் பலகையில் “அடுத்த மீளாய்வு: தை” என்று இருக்கிறது. பட்டம் ஏற்றும் பெடியள் இப்போதே தங்கள் கோரிக்கையை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.