ஒரு செயலுக்கு ஒரு பெயர்: தமிழ் மென்பொருள் திரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் லாங்கு பஜாரிலும் மண்டி வீதியிலும் உள்ள கடைகளில் பில் போடும் மென்பொருளைக் கையாள்பவர்கள் பெரும்பாலும் கணினியைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியோ, அவர் வெளியே போன நேரத்தில் அவருடைய மகளோ, அண்மையில் வேலைக்குச் சேர்ந்த பையனோ அதை இயக்குகிறார்கள். திரையில் அவர்களுக்கு வழிகாட்டுபவை பொத்தான்களிலும் தலைப்புகளிலும் எழுதப்பட்டிருக்கும் சொற்களே. அந்தச் சொற்கள் ஒரு திரையில் ஒன்றாகவும் அடுத்த திரையில் வேறாகவும் இருந்தால் அவர்கள் தடுமாறுகிறார்கள். அந்தத் தடுமாற்றத்தைத் தங்களுடைய அறியாமை என்று எண்ணிக் கூசவும் செய்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் பிழை முழுவதும் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களிடம்தான் இருக்கிறது.

திரை முழுவதும் சொற்கள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது புதிய கருத்தன்று. திரை வடிவமைப்பு பற்றி ஆய்வாளர் பென் ஷ்னைடர்மன் 1986-ல் வகுத்த எட்டு விதிகளில் முதலாவது இதுவே. அதே துறையின் மற்றோர் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1994-ல் தொகுத்த பத்து நெறிகளிலும் இது இடம்பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டி நெறிகளின், 2008-ல் வெளியான 2.0 பதிப்பு, ஒரே வேலையைச் செய்யும் உறுப்புகள் ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே விதமாக அடையாளம் காட்டப்பட வேண்டும் என்று 3.2.4 எண்ணுள்ள விதியில் வரையறுக்கிறது. ஆனால் இந்த விதிகளைத் தமிழில் கடைப்பிடிக்கும்போது, தமிழின் வினைவடிவங்களாலும் வேற்றுமை உருபுகளாலும் வேறு சில இடறல்கள் நேர்கின்றன. அவற்றைப் பற்றி விரிவாக எழுதப்பட்டவை குறைவு என்பதால் இங்கே அவற்றுக்கே கூடுதல் இடம் தருகிறேன்.

ஒரே செயலுக்குப் பல பெயர்கள்

மிகப் பரவலான தவறு இது. சரக்கு விவரத்தை எழுதி முடித்ததும் ‘சேமி’ என்று ஒரு பொத்தான். வாடிக்கையாளர் விவரத்துக்குப் ‘பதிவு செய்’. செலவுக் கணக்குக்குச் ‘சமர்ப்பி’. அமைப்புகள் பக்கத்தில் வெறும் ‘சரி’. நான்கும் செய்வது ஒரே வேலைதான். வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு நிரலாளர்கள் எழுதிய திரைகள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதில்லை. ஆனால் கடைக்காரர் அப்படி நினைப்பதில்லை. பெயர் வேறாக இருந்தால் வேலையும் வேறாகத்தான் இருக்கும் என்று நியாயமாகவே நினைக்கிறார். ‘சமர்ப்பி’ என்றால் ஜிஎஸ்டி அலுவலகத்துக்கே கணக்கு போய்விடுமோ என்று அஞ்சி, எழுதிய செலவைச் சேமிக்காமலே திரையை மூடியவர்கள் உண்டு.

இந்த நான்கில் ‘பதிவு’ என்ற சொல் மிகவும் தொல்லை தருவது. புதிய கணக்கு தொடங்குவதும் பதிவு, பேரேட்டில் வரவு எழுதுவதும் பதிவு, மருத்துவமனையில் நாளைய நேரத்தைக் கேட்டு வாங்குவதும் பதிவு, பத்திர அலுவலகத்தில் நடப்பதும் பதிவு. இத்தனை வேலைகளைச் சுமக்கும் சொல்லைத் துணைச்சொல் இல்லாமல் பொத்தானில் இடக்கூடாது. ‘கணக்கு தொடங்கு’, ‘வரவு எழுது’, ‘முன்பதிவு செய்’ என்று பிரித்துவிட்டால் எவருக்கும் ஐயம் எழாது.

பொத்தானை அழுத்திய பிறகு வரும் அறிவிப்பும் அதே வேர்ச்சொல்லைத் தாங்க வேண்டும். ‘சேமி’ என்று அழுத்தினால் ‘சேமிக்கப்பட்டது’ என்று வர வேண்டும். ‘வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது’ என்று வந்தால், தாம் கேட்டது நடந்ததா, வேறு ஏதேனும் நடந்ததா என்று அழுத்தியவர் மீண்டும் உள்ளே போய்ப் பார்க்கிறார்.

‘ரத்து’ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேலைகள்

மேலே சொன்னதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அது இன்னும் கேடானது. வெவ்வேறு செயல்களுக்கு ஒரே பெயரைச் சூட்டுவதை நான் சொல்கிறேன்.

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் நடக்கும் கடை ஒன்றில் கண்ட திரையை அப்படியே தருகிறேன். தவறாகப் போட்ட பில்லைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சிறு பெட்டி திறக்கிறது. ‘இந்த பில்லை ரத்து செய்ய வேண்டுமா?’ என்று கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்றில் ‘சரி’, மற்றொன்றில் ‘ரத்து’. பில்லை ரத்து செய்யத்தான் அவர் வந்திருக்கிறார். ஆகவே ‘ரத்து’ என்பதை அழுத்துகிறார். பெட்டி மறைகிறது. வேலை முடிந்துவிட்டது என்று அவர் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுகிறார். உண்மையில் ரத்தானது பில் அன்று, அந்தக் கேள்விதான். இரவில் கல்லாவை எண்ணும்போது இருக்க வேண்டிய தொகைக்கும் இருக்கும் தொகைக்கும் பொருந்தாமல், யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சுவரை அது போய்விடுகிறது.

இதற்கான மருந்து எளியது. கேள்வியில் உள்ள வினையே பொத்தானிலும் முழுமையாக வர வேண்டும்: ‘பில்லை ரத்து செய்’ என்று ஒன்று, ‘வேண்டாம்’ என்று மற்றொன்று. ‘வேண்டாம்’ என்ற சொல் தமிழில் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, கேள்வியைக் கைவிடுவதற்கு ‘ரத்து’ என்பதை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. ‘சரி’ என்ற பொத்தானையும் கேள்விகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது என் கருத்து. படித்துவிட்டேன் என்று தலையசைப்பதற்கு மட்டும் அது போதும்.

பில் போடும் மென்பொருளில் இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்தின் கனமும் இருக்கிறது. ஜிஎஸ்டி விதிகளின்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் எண்கள் தொடர்வரிசையில் இருக்க வேண்டும். வெளியிட்ட பில்லை ரத்து செய்தாலும் அதன் எண் கணக்கிலிருந்து மறைந்துபோகக்கூடாது. விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில், எந்த எண் முதல் எந்த எண் வரை பில் வெளியிடப்பட்டது, அவற்றில் எத்தனை ரத்தாயின என்பதைக் காட்டத் தனி அட்டவணையே உண்டு. விற்ற சரக்கு திரும்பி வந்தால் அது ரத்தும் ஆகாது; அதற்குக் கிரெடிட் நோட், அதாவது பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு, எழுத வேண்டும். ஆகவே, இன்னும் வெளியிடாத வரைவுக்கு ‘நீக்கு’, வெளியிட்ட பில்லுக்கு ‘ரத்து செய்’, திரும்பி வந்த சரக்குக்குச் ‘சரக்குத் திருப்பம்’, பெட்டியில் தட்டிய எழுத்துகளைத் துடைக்க ‘அழி’ என்று நான்கு செயல்களுக்கும் நான்கு பெயர்களை ஒதுக்கி, ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு ஒருபோதும் போகாமல் காக்க வேண்டும்.

வினைவடிவம் மாறிக்கொண்டே இருப்பது

சேமி, சேமிக்க, சேமிக்கவும், சேமித்தல், சேமிப்பு. ஐந்தையும் ஒரே மென்பொருளில் பார்க்கலாம். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கலந்து எழுதுவது தவறு என்பதில் வேறுபாடு இருக்க முடியாது. கடைசி வடிவத்தை மட்டும் எப்படியும் விலக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் செயலியில் ‘சேமிப்பு’ என்றால் உறுப்பினர் போட்டு வைத்திருக்கும் பணம் என்றே எவரும் படிப்பார்கள்.

‘சேமி’ என்று எழுதினால் மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று பலர் தயங்குகிறார்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று பார்த்தால் இந்தத் தயக்கம் தீரும். பொத்தானில் இருப்பது, பயன்படுத்துபவர் கணினிக்கு இடும் கட்டளை. அது ஏவல் வடிவில் இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. அறிவிப்பிலும் விளக்கத்திலும் இருப்பது, கணினி பயன்படுத்துபவரிடம் பேசும் பேச்சு. அங்கேதான் ‘கைப்பேசி எண்ணை எழுதவும்’, ‘சிறிது நேரம் காத்திருங்கள்’ என்ற மரியாதை வடிவம் வேண்டும். இந்த ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டால், சில எழுத்துகளில் முடியும் சொல் கிடைப்பதால் சிறிய கைப்பேசித் திரையில் பொத்தானின் சொல் பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகளாக முடிவதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

பெயரோடு உருபை ஒட்டவைப்பது

ஆங்கிலத் திரையில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல்லைச் சேர்த்துவிட்டால் வாக்கியம் அமைந்துவிடுகிறது. அதே பழக்கத்தில், ஊர்ப்பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டு, அதன் பின்னால் ‘இல்’ என்று நிரலில் எழுதி வைப்பவர்கள் நம் ஊர்களின் பட்டியலையே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலூர் ‘வேலூரில்’ ஆகிறது. காட்பாடி ‘காட்பாடியில்’ ஆகிறது. ஆற்காடு ‘ஆற்காட்டில்’ என்று இரட்டிக்கிறது. குடியாத்தம் தன் இறுதி மெய்யை விட்டுக் ‘குடியாத்தத்தில்’ ஆகிறது. நிரலோ எல்லாவற்றுக்கும் ஒரே உருபை ஒட்டி, ‘ஆற்காடுஇல் இருந்து சரக்கு வந்தது’ என்றும் ‘குடியாத்தம்இல் இருப்பு இல்லை’ என்றும் காட்டுகிறது. ஆள்பெயர்களும் இப்படியே ‘கீதாக்கு’, ‘குமார்க்கு’ என்று சிதைகின்றன.

புணர்ச்சி விதிகளை நிரலில் எழுதிச் சரிசெய்ய முயல்வதைவிட, உருபே வேண்டாதபடி திரையை அமைப்பது மேல். ‘புறப்பட்ட ஊர்: ஆற்காடு’, ‘பெறுபவர்: கீதா’, ‘கிடங்கு: குடியாத்தம்’ என்று தலைப்பும் மதிப்புமாகப் பிரித்தால் எந்தப் பெயர் வந்தாலும் பிழை நேராது. எண்ணிக்கைக்கு மட்டும் வேறு வழி உண்டு: ஒவ்வொரு மொழியின் எண், தேதி வழக்கங்களையும் மென்பொருளுக்காகத் தொகுத்திருக்கும் யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு வகைகள் தரப்பட்டிருப்பதால், ‘1 மூட்டை’, ‘5 மூட்டைகள்’ என்று தனித்தனியே எழுதி வைக்கலாம்.

ஒற்று மிகும் இடங்களையும் கவனிக்க வேண்டும். ஒரு திரையில் ‘விவரத்தைத் திருத்து’ என்றும் மற்றொன்றில் ‘விவரத்தை திருத்து’ என்றும் இருந்தால், உதவிப் பக்கத்தில் தேடுபவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

கல்லாவில் வழங்காத சொற்கள்

கடையில் எல்லாரும் ‘பில்’ என்கிறார்கள். திரையில் ஓரிடத்தில் ‘விலைப்பட்டியல்’, மற்றோரிடத்தில் ‘ரசீது’, வேறோரிடத்தில் ‘சிட்டை’. விலைப்பட்டியல் என்றதும் கடைக்காரர் நினைப்பது சரக்குகளின் விலை எழுதிய தாளை. ரசீது என்பது பணம் வாங்கியதற்குத் தரும் சீட்டு. கடனுக்குச் சரக்கு கொடுத்தால் பில் உண்டு, ரசீது இல்லை. மூன்று தனித்தனிப் பொருள்களை ஒன்றன் பெயரால் மற்றொன்றை அழைத்துக் குழப்புவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. ‘கடவுச்சொல்’ போல மக்களிடம் பரவிவிட்ட தமிழ்ச்சொற்களை மகிழ்ச்சியோடு எழுதலாம். பில், ஸ்டாக், பாக்கி ஆகியவை தொழிலின் சொற்களாக இருக்கும் வரை அவற்றை விரட்ட வேண்டியதில்லை.

நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் வீட்டில் உருது பேசுவோர் மிகுதி. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு பேசுவோர் இருக்கிறார்கள். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், பழகிய சொல்லின் வடிவத்தைப் பார்த்தே பொத்தானை இனங்காண்கிறார்கள். அந்த வடிவம் மாறினால் முதலிலிருந்து கற்க வேண்டியதாகிறது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் நேரும் பிழை

ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு மாற்றப்படும் மென்பொருளில், மொழிபெயர்ப்பவருக்குத் திரை தெரிவதில்லை. சொற்களின் வரிசை மட்டுமே தெரிகிறது. ‘ஆர்டர்’ என்பது வாடிக்கையாளர் கேட்ட சரக்கா, அடுக்கும் வரிசையா? ‘ஓப்பன்’ என்பது ‘திற’ என்ற கட்டளையா, ‘இன்னும் முடியவில்லை’ என்ற நிலையா? ஒரே ஆங்கிலச் சொல் என்பதால் நிரலாளர் இரண்டுக்கும் ஒரே சாவியை, அதாவது கோப்பில் சொல்லைக் குறிக்கும் அடையாளத்தை, கொடுத்திருந்தால், எதை எழுதினாலும் ஓரிடத்தில் தவறாகத்தான் முடியும். கெட்டெக்ஸ்ட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் சூழலைத் தனியே குறிக்க வசதி இருக்கிறது; அதைப் பயன்படுத்தாமல் விடுவது மொழிபெயர்ப்பவரை இருட்டில் நிறுத்துவதாகும்.

கண்ணுக்குத் தெரியாத பெயர்களும் இந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தானுக்கு உள்ளே ஆங்கிலப் பெயரை அப்படியே விட்டுவிட்டால், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் துணையோடு கைப்பேசியைக் கையாளும் பார்வையற்றவருக்குத் தமிழ்த் திரையின் நடுவே அந்த ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் ஒலிக்கிறது. எழுத்தில் ‘நீக்கு’ என்று இருந்தால் அதன் உட்பெயரிலும் ‘நீக்கு’ இருக்க வேண்டும்.

சொற்பட்டியலும் தொலைபேசிச் சோதனையும்

முதல் திரையை வரைவதற்கு முன்பே ஒரு பட்டியல் எழுதிவிடுவது நல்லது. செயல் என்ன, அதற்குரிய சொல் எது, அறிவிப்பில் அது எந்த வடிவம் கொள்ளும், அதற்குப் பதிலாக எழுதக்கூடாத சொற்கள் எவை என்று நான்கு பத்திகள் போதும். நான்காவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்து சேரும் நிரலாளருக்கு மிகவும் பயன்படுவது அதுதான்.

எழுதிய சொற்கள் சரியானவையா என்று அறிய, திரையைப் பார்க்காமல் தொலைபேசியில் ஒருவருக்கு வழிசொல்லிப் பாருங்கள். பேரணாம்பட்டிலிருந்து அழைப்பவரிடம் ‘சேமி என்பதை அழுத்துங்கள்’ என்று சொன்னதும், ‘எந்த சேமிங்க? ரெண்டு இருக்குதே’ என்றோ, ‘அப்படி எதுவும் காணோமே’ என்றோ பதில் வந்தால், திருத்த வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மென்பொருளைத் திருத்தும்போது, ஒவ்வொரு பதிப்பிலும் இரண்டு சொற்கள், மூன்று சொற்கள் என்று மாற்றிக்கொண்டிருக்கக்கூடாது. ஒரு செயலுக்குரிய சொல்லை எல்லாத் திரைகளிலும், அறிவிப்புகளிலும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளக்கப் படங்களிலும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். பொத்தானின் இடத்தையும் நிறத்தையும் அந்தப் பதிப்பில் தொடாமல் விட வேண்டும். அந்த நாளும் மாத இறுதியாகவோ, தீபாவளிக்கு முந்தைய வாரமாகவோ இருக்கக்கூடாது.