ஸ்டீயரிங் லேசாகும் நொடி: ஃபோர்ஸ் ஃபீட்பேக்கைச் சரிசெய்வது எப்படி

மழை ஓய்ந்த செம்மண் பாதையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரியை இறக்கத்தில் திருப்பும்போது சில வேளை ஸ்டீயரிங் கையில் சட்டென்று லேசாகும். அது நல்ல அறிகுறி அல்ல. முன்சக்கரங்கள் மண்ணின் பிடியை விட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் 22 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய வண்டியில்தான் தொழில் கற்றேன். வண்டி வழுக்கப்போவது கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த லாரிதான்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பதும் இதற்காகத்தான். கணினிக் கார் பந்தய விளையாட்டுக்கென விற்கும் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மோட்டார், திரையில் ஓடும் காரின் டயர் படும் பாட்டை நம் கைக்குச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் மகன் ஈப்போவில் லாஜிடெக் ஜி29 என்ற அப்படியொரு ஸ்டீயரிங்கைப் பழையதாக வாங்கி வந்து என் வீட்டு மேசையில் பூட்டினான். அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தய விளையாட்டில் எல்லா விசை அளவையும் நூற்றுக்குத் தள்ளி வைத்திருந்தான். “பலமாக இருந்தால்தானே சித்தப்பா, உண்மையான காரைப்போல இருக்கும்?” என்றான். உட்கார்ந்து மூன்று சுற்று ஓட்டினேன். முன்கை வலித்தது. எல்லா வளைவிலும் ஒரே கனம். கார் நேராக வழுக்கிப் புல்லில் இறங்கும்போதும் அதே கனம். அவ்வளவு பலத்தில் எனக்கு ஒரு செய்தியும் வந்து சேரவில்லை.

காரணம் இதுதான். வளைவில் திரும்பும்போது டயரின் பக்கவிசை, சக்கரத்தின் நடுப்புள்ளிக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அந்தச் சிறு தூரம் நெம்புகோல்போல் வேலை செய்து சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. நாம் உணரும் கனத்தில் பெரும்பங்கு அதுவே. ஸ்டீயரிங்கை மேலும் மேலும் ஒடிக்கும்போது அந்தத் தூரம் சுருங்குகிறது. அதனால் டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே கனம் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்குகிறது. அந்த இறக்கம்தான் எச்சரிக்கை. ஆனால் ஜி29-இன் மோட்டார் தரக்கூடியது சுமார் 2 நியூட்டன் மீட்டர் விசைதான். விளையாட்டு அதற்கு மேல் கேட்டால் மேற்பகுதி அப்படியே வெட்டுப்படும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். ஏற்றமும் இறக்கமும் வெட்டுக்கோட்டுக்கு மேலேயே நடந்து முடிந்துவிட்டால், கைக்கு ஒரே சமதளம்தான் கிடைக்கும். அண்ணன் மகனுக்கு நடந்ததும் அதுதான்.

ஆகவே முதல் வேலை குறைப்பது. அதற்கு முன் சில சிறு ஏற்பாடுகள் உண்டு. மேசை ஆடக்கூடாது, ஆடும் மேசை பாதி விசையைத் தானே விழுங்கிவிடும். எங்கள் மேசையின் பின்கால்களைச் சுவரோடு சேர்த்து முடுக்கினோம். மின்சாரம் கொடுத்ததும் ஸ்டீயரிங் தானாக இருபுறமும் சுழன்று நடுவைக் கண்டுபிடிக்கும். அப்போது அதைத் தொடாதீர்கள். கணினியில் உள்ள லாஜிடெக் மென்பொருளில் சுழற்சியை 900 பாகையாக வைத்து, நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங்கை அணைத்துவிடுங்கள். விளையாட்டின் உள்ளேயும் அதே 900 இருக்க வேண்டும்.

அடுத்து, விளையாட்டில் கெர்ப் (தடத்தின் ஓர மேடு), சாலை, வழுக்கல், ஏபிஎஸ் என்ற பெயர்களில் இருக்கும் கூடுதல் விளைவுகளை எல்லாம் பூஜ்ஜியமாக்குங்கள். இவை டயரிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்கு வரும் விசை அல்ல, மேலே தூவப்பட்ட அதிர்வு. கை பழகிய பிறகு வேண்டுமானால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். நான் சேர்க்கவில்லை.

சோதிக்க ஒரே காரையும் ஒரே தடத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுத்தது டொயோட்டா ஜிடி86, ரசிகர்கள் உருவாக்கிய சிப்பாங் தடம். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்கள் ஓடிய தடம் அது, 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதன் முதல் வளைவு வலப்புறமாகச் சுருண்டு சுருண்டு உள்ளே போகும். மலாயில் ‘சிப்புட்’ என்றால் நத்தை. எங்கள் ஊர்ப் பெயரை வைத்தே அண்ணன் மகன் அதற்கு நத்தை வளைவு என்று பெயரிட்டுவிட்டான். ஐந்தாவதும் ஆறாவதும் வேகமான வளைவுகள், இடம் திரும்பி உடனே வலம்.

திரையில் பெடல்களைக் காட்டும் சிறு பலகையைத் திறந்தால், கிளட்ச், பிரேக், முடுக்கி ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு சாம்பல் நிறப் பட்டை இருக்கும். அதுதான் விசை. எல்லையைத் தொட்டால் சிவப்பாகும். கெயினை, அதாவது மொத்த விசையின் அளவை, 70-இல் வைத்து ஓட்டத் தொடங்குங்கள். ஐந்தாம் ஆறாம் வளைவுகளில் பட்டை தொடர்ந்து சிவந்தே இருந்தால், விசைப்பலகையின் வலது ஓரத்து எண்பகுதியில் உள்ள கழித்தல் பொத்தானை அழுத்தி அந்தக் காருக்கு மட்டும் குறைக்கலாம். கூட்டல் பொத்தான் ஏற்றும். கெர்ப்பில் ஏறும்போதோ பள்ளத்தில் விழும்போதோ கண நேரம் சிவந்தால் பரவாயில்லை. நீண்ட வளைவு முழுக்கச் சிவக்கக் கூடாது. இறக்கை வைத்த பந்தயக் கார்களுக்கு இன்னும் குறைக்க வேண்டிவரும். வேகம் கூடக்கூட காற்று காரைத் தரையில் அழுத்துவதால் அவற்றின் ஸ்டீயரிங்கும் கனக்கும்.

குறைத்ததும் வேறொரு குறை வெளிப்படும். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் தொளதொளவென்று செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். ஜி29-இல் மோட்டாரின் விசை பற்சக்கரங்கள் வழியாக வருகிறது. சிறு விசைகளை அவற்றின் உராய்வு தின்றுவிடுகிறது. மினிமம் ஃபோர்ஸ் என்ற அளவு இதற்காகவே இருக்கிறது. நேர்ச்சாலையில் கையைத் தளர்த்தி, இரண்டிரண்டாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் ஸ்டீயரிங் தானாகவே இடமும் வலமும் நடுங்கும். அங்கிருந்து நடுக்கம் நிற்கும் வரை இறக்குங்கள். எங்களுக்கு 12-இல் நின்றது. உங்களுடையது வேறாக இருக்கலாம். தேய்ந்த ஸ்டீயரிங்கும் புதியதும் ஒன்றல்ல. பற்சக்கரத்துக்குப் பதில் பெல்ட் வைத்த டி300 போன்ற ஸ்டீயரிங்குகளுக்குக் குறைவாகவே போதும். மோசா ஆர்5 போல மோட்டார் தண்டிலேயே நேராகப் பூட்டிய டைரக்ட் டிரைவ் வகைக்குப் பூஜ்ஜியத்திலேயே விடலாம். அது நேர்ச்சாலையில் தானாக ஆடினால் ஆட்டத்தை அடக்கும் டேம்பிங் என்ற அளவைச் சிறிது ஏற்றினால் அடங்கும். ஆனால் அது 5.5 நியூட்டன் மீட்டர் வரை தரும். கட்டைவிரலைக் கம்பிக்குள் நுழைத்துப் பிடிக்காதீர்கள். கார் மோதினால் விரல் சுளுக்கும்.

ஐரேசிங் என்ற இன்னொரு விளையாட்டை ஓட்டுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சில சுற்றுகள் மோதாமல் ஓட்டியபின் ஆட்டோ என்ற பொத்தானை அழுத்தினால், உணர்ந்த உச்ச விசையை வைத்து அதுவே அளவை அமைக்கும்.

சரியாக அமைந்ததா என்பதற்கு எங்கள் வீட்டுச் சோதனை ஒன்று. ஒலியை முழுவதும் அணைத்துவிட்டேன். டயர் கிறீச்சிடுவது கேட்டால் காது முந்திக்கொள்ளும். “நத்தை வளைவில் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை மட்டும் மெதுவாக ஒடி. கை என்ன சொல்கிறது என்று கவனி” என்றேன். முதல் மூன்று முறை அவன் அவசரப்பட்டு ஒடித்து வெளியே போனான். நான்காவது முறை பாதி வளைவில், “கனம் இறங்குகிறது சித்தப்பா!” என்று சொன்னவன், சொல்லும்போதே ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டான். கார் தடத்திலேயே நின்றது. உடனே ஒரு தாளில் காரின் பெயரையும் அதற்கு நேராக கெயின் 58, மினிமம் ஃபோர்ஸ் 12 என்ற இரண்டு எண்களையும் எழுதி மேசை ஓரத்தில் ஒட்டினான். அந்தத் தாளில் இப்போது 9 கார்கள் இருக்கின்றன. ஒன்றின் கெயின்கூட 70-ஐத் தாண்டவில்லை.