கல்லணை முதல் பூம்புகார் வரை சைக்கிளில் போகிறீர்களா?

காவிரிக் கரையோரம் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாருக்கு சைக்கிளில் போக நினைப்பவர்கள் முதலில் காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று. கல்லணையில் தொடங்கிக் கிழக்கே போனால் முதுகில் தள்ளிவிடும். எதிர்த்திசையில் வந்தால் பாதி வழியிலேயே தொடை சோர்ந்துவிடும்.

தை, மாசியில் கவனிக்க வேண்டியது சாலை. சம்பா அறுவடை நேரம். தாரில் நெல் காயும், வைக்கோல் பரந்து கிடக்கும். நெல்மணிமேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு, அதன்மேல் ஓட்ட வேண்டாமே. கியர் சைக்கிள் என்றால் வைக்கோல் பின்கியரில் சுற்றிக்கொள்ளும். சத்தம் மாறியதுமே நிறுத்தி எடுத்துவிடுங்கள். விட்டால் கியரைத் தாங்கும் கொக்கியே வளைந்துவிடும்.

சீமைக்கருவேல முள் எல்லாப் பருவத்திலும் உண்டு. கூடுதல் டியூப் ஒன்று கட்டாயம் வேண்டும். மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒடிந்த முள் நுனி அங்கேயே இருந்தால் புது டியூபும் சீக்கிரமே பஞ்சராகிவிடும்.