ஊழியப் பயணத்தின் முதல் வாரம்

வெளிநாட்டு ஊழியப் பயணத்தில் இறங்கிய அன்று எல்லாமே அழகாகத் தெரியும். நான்காம் நாள்தான் சிக்கல். என் முதல் பயணத்தில் அன்று பத்து முறையாவது கை கழுவியிருப்பேன். குடிக்கும் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஆராதனை தாமதமானதும் எரிச்சல் பொங்கியது. விசுவாசம் தளர்ந்துவிட்டதோ என்று கலங்கினேன். இல்லை, அது பண்பாட்டு அதிர்ச்சி, அதாவது பழக்கமில்லாத பண்பாட்டுக்குள் போகும்போது வரும் தடுமாற்றம். மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960-இல் வெளியான கட்டுரையில் இதே அறிகுறிகளை, ஓயாமல் கை கழுவுவது உட்பட, விவரித்திருக்கிறார்.

ஆகவே முதல் வாரம் எதையும் திருத்தப் போகாதீர்கள். குறிப்பேட்டில் ‘இவர்களுக்கு நேரம் தெரியாது’ என்று எழுதாதீர்கள். ‘பத்து மணிக் கூட்டம் பதினொன்றுக்குத் தொடங்கியது, அதுவரை ஒருவர் விடாமல் நலம் விசாரித்தார்கள்’ என்று கண்டதை எழுதுங்கள். அப்படி எழுதிய பிறகுதான் அந்த ஒரு மணி நேரமும் ஐக்கியம் என்பது எனக்கு உறைத்தது.

வணக்கமும் நன்றியும் அவர்கள் மொழியில் சொல்லப் பழகுங்கள். குழந்தைகளைப் படம் எடுக்குமுன் பெற்றோரிடம் கட்டாயம் கேளுங்கள். இதில் சமரசமே வேண்டாம். இரவில் மனம் கனத்தால் குழுத் தலைவரிடம் மறைக்காமல் சொல்லி, சேர்ந்து ஜெபியுங்கள்.

வீடு திரும்பியதும் இதே தடுமாற்றம் மறுபடி வரலாம். அதற்கும் சில நாட்கள் ஒதுக்கி வையுங்கள்.