எட்டுக் கட்டத்தில் ஒரு மெனு கார்டு: டிசைன் மாணவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க

கொட்டேஷன், ஒப்பந்தம், காப்புரிமை (காப்பிரைட்) என்று ஸ்லைடு போட்டால் பின்வரிசையில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுகிறார்கள். அதனால் பினாங்கில் என் வகுப்பில் இதைப் படக்கதையாகத்தான் சொல்லித்தருகிறேன். ஓர் ஏ4 தாளும் பென்சிலும் போதும்.

தாளை மூன்று முறை பாதியாக மடியுங்கள், எட்டுக் கட்டம் வந்துவிடும். கதை இதுதான்: ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு ஒரு மெனு கார்டு வேண்டும். மாணவர்களை லெபோ பாசார் பக்கம் அரை மணி நேரம் நடக்கவிடுங்கள், கூகுளில் தேடி வரைந்தால் எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்து கட்டங்களைப் பிரித்துக் கொடுங்கள்: சந்திப்பு, கேள்விகள், கொட்டேஷன், முன்பணம், முதல் டிசைன், திருத்தம், அச்சகம், பாக்கிப் பணம். குச்சி மனிதர்களே போதும்.

இனிமேல்தான் வேலையே. பேச்சுக் குமிழ்களை வெறுமையாக விடச் சொல்லிவிட்டு, முதலாளி பேசுவதைப் பக்கத்து மாணவர் எழுதட்டும், டிசைனரின் பதிலை வரைந்தவரே எழுதட்டும். ஆறாம் கட்டத்தில் கட்டாயம் "தம்பி, இன்னும் ஒரே ஒரு சின்ன மாத்தம்" என்று வரும், வகுப்பே சிரிக்கும், பதில் எழுத வேண்டியவருக்கு மட்டும் சிரிப்பு வராது. "சரிண்ணே" என்று எழுதினால் ஐந்தாவது திருத்தமும் ஓசிதான். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு அவரே மூன்றாம் கட்டத்துக்குத் திரும்பிப் போய், 'இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம்' என்று சேர்ப்பார். (நான் தொழிலுக்கு வந்த புதிதில், முன்பணம் வாங்காமல் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பதினோரு முறை திருத்தினேன். எனக்கு யாரும் குமிழ் வரைந்து காட்டவில்லை.)

கொட்டேஷன் கட்டத்திலேயே காப்புரிமையையும் கேளுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசி வைக்காவிட்டால், உரிமை வேலையைச் செய்யச் சொன்னவருக்குப் போய்விடும். வரைந்தவனுக்குத்தானே சொந்தம் என்று நினைத்திருந்தவர்கள் அங்கே ஒரு வரி எழுதத் தொடங்குவார்கள்.

அச்சகத்துக்கு அதிக நேரம் வேண்டாம்: 3 மி.மீ. பிளீட் (வெட்டும் ஓரத்துக்கு வெளியே கூடுதலாக விடும் வண்ணம்), 300 டிபிஐ (படத்தின் துல்லியம்), சிஎம்ஒய்கே (அச்சு மையின் நான்கு நிறங்கள்). திரையில் மின்னிய வாழையிலைப் பச்சை தாளில் மங்கிப்போவதை முதலாளியின் முகத்தில் வரைந்தால் விளக்கமே தேவையில்லை.

கடைசிக் கட்டத்தில் பலர் கைகுலுக்குவதை வரைவார்கள். முழுப் பணமும் வந்த பிறகுதான் அச்சுக் கோப்பைக் கொடுப்பதாக மாற்றச் சொல்லுங்கள். வரிசை இடிக்கிறதே என்று யாராவது கேட்டால், ஏழையும் எட்டையும் கத்தரித்து இடம் மாற்றி ஒட்டச் சொல்லிவிடுங்கள்.