நன்னீர் நத்தைகளை வகைப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

ஒரே குளத்தில் வாழும் நத்தைகள் எல்லாம் நெருங்கிய சொந்தம் என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. நத்தைகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கிளைகளிலிருந்து, பலமுறை நன்னீருக்குள் புகுந்திருக்கின்றன. ஆப்பிள் நத்தைக்கும் நுரையீரல் உண்டு, லிம்னேயா என்ற குளத்து நத்தைக்கும் உண்டு. ஆனால் அந்த இரண்டு நுரையீரல்களும் தனித்தனியே உருவானவை. உறவு என்று பார்த்தால், லிம்னேயா ஆப்பிள் நத்தையைவிடத் தரையில் ஊரும் தோட்டத்து நத்தைக்குத்தான் நெருக்கம்.

அடுத்தது ஓட்டின் வடிவத்தை மட்டும் நம்புவது. அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பைசா அக்யூட்டா என்ற சிறு நத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மீன் வாடை இருந்தால், நசுக்குவதைத் தாங்கும்படி அதன் ஓடு உருண்டையாக வளர்கிறது. கிரேஃபிஷ் (நன்னீரில் வாழும், இறால் போன்ற உயிரி) வாடை இருந்தால் நீண்டு ஒடுங்குகிறது. அதாவது, ஒரே தாயின் குஞ்சுகள்கூட இரண்டு தொட்டிகளில் வளர்ந்தால் இரண்டு சிற்றினம் போலத் தெரியலாம்! இந்த நத்தைக்கு 1805இல் டிராப்பர்நோ என்ற ஆய்வாளர் பெயர் வைத்தது பிரான்சில் கிடைத்ததை வைத்து. அதன் தாயகமோ வட அமெரிக்கா. அங்கே அதற்கே வேறு பல பெயர்களும் இருந்தன. பிறகு இனக்கலப்பு செய்து பார்த்தபோது, அப்படி வேறு பெயர்களில் இருந்த நத்தைகளில் சில ஒன்றோடொன்று தடையின்றி இனப்பெருக்கம் செய்தன.

ஆப்பிரிக்காவின் தாங்கன்யிகா ஏரி நத்தைகளின் தடித்த, முள்ளும் வரியுமான ஓடுகள் கடல் நத்தைகளை நினைவூட்டும். அதனால் அந்த ஏரி ஒருகாலத்தில் கடலோடு இணைந்திருந்தது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூர் என்ற ஆய்வாளர் வாதிட்டார். உண்மையில் அந்த ஓடுகள் ஏரிக்குள்ளேயே உருவானவை. ஓட்டை உடைக்கும் நண்டுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தொப்பி வடிவ ஓடும் இப்படித்தான், பல கிளைகளில் தனித்தனியே தோன்றியது. அப்படித் தொப்பி ஓடு கொண்ட ஆன்சைலஸ் என்ற நத்தைக்கு முன்பு தனிக் குடும்பமே இருந்தது. இப்போது அது தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நத்தைகளின் பிளானார்பிடே குடும்பத்தில் அடங்கிவிட்டது.

சரி, டி.என்.ஏ. பார்த்தால் போதுமே என்பீர்கள். ஒரே ஒரு மைட்டோகாண்டிரியா மரபணுவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் ஆபத்துதான். வட அமெரிக்க ஓடைகளில் வாழும் புளூரோசெரிட் என்ற குடும்பத்தின் சில நத்தைகளில், ஒரே கூட்டத்துக்குள்ளேயே அந்த மரபணு பெரிதும் வேறுபடுகிறது. அந்த வேறுபாட்டின் அளவை மட்டும் பார்த்தால் இல்லாத சிற்றினங்கள் முளைத்துவிடும். மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா என்ற நத்தையில் இன்னொரு சிக்கல். பெண் நத்தை பெரும்பாலும் ஆண் துணையின்றியே குஞ்சு ஈனும். கலந்து இனப்பெருக்கம் செய்பவை ஒரு சிற்றினம் என்ற இலக்கணம் அங்கே பொருந்தாது.

அப்புறம், பரிணாம மரத்தில் பக்கத்துக் கிளையில் இருக்கும் நத்தையை மூதாதை என்று வாசிக்காதீர்கள். இரண்டும் இன்று வாழ்பவை. மூதாதை கிளை பிரியும் இடத்தில் இருந்தது.

இந்தக் குழப்பம் ஏட்டோடு நிற்பதில்லை. பயோம்ஃபலேரியா என்ற நத்தைப் பேரினத்தின் சில சிற்றினங்கள், மனிதருக்கு நோய் தரும் சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழுவைச் சுமப்பவை. அவற்றை வேறொன்றாக எண்ணிவிட்டால் நோய்த்தடுப்பே திசைமாறும்.

சேகரிக்கும்போது ஓட்டை வைத்துக்கொண்டு உடலை எறிந்துவிடாதீர்கள். இனப்பெருக்க உறுப்புகளும் நாக்கின் பல்வரிசையும் சிற்றினத்தை அடையாளம் காணத் தேவைப்படுபவை. ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுக்கும் என்பதால் அடர்ந்த எத்தனாலே நல்லது. நத்தை உள்ளே ஒடுங்கி மூடியை இறுக அடைத்துக்கொண்டால் எத்தனால் சதைக்குள் போய்ச் சேராது. ஓட்டைப் படம் எடுத்துவிட்டு, அதில் லேசாக விரிசல் விட்டு எத்தனாலில் போடுங்கள்.