கரண்ட் போகும் ஊரில் ராஸ்பெரி பைக்கு நெட்பிஎஸ்டி கட்டுவது

ராஸ்பெரி பை 3 என்ற கையளவு கணினியில் இருப்பது 1 ஜிபி ராம். அதில் உட்கார்ந்து ஒரு முழு இயங்குதளத்தைக் கம்பைல் பண்ணுவது, அதாவது மூல நிரலிலிருந்து கட்டுவது, வீண் வேலை. வீட்டில் இருக்கும் இன்டெல் லெப்டொப்பிலேயே, ராஸ்பெரி பையில் உள்ள ஆர்ம் ப்ரொசசருக்குக் கட்டி எடுத்துவிடலாம். ஹட்டன் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் கேட்டால் நான் நெட்பிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தைத்தான் காட்டுவேன். 2002-இல் வந்த 1.6-ஆம் பதிப்பிலிருந்தே அதில் ‘பில்ட் டாட் எஸ்எச்’ என்ற ஸ்க்ரிப்ட் இருக்கிறது. சமைக்கப் போகிறவர் முதலில் அடுப்பையே கட்டிக்கொள்வது போல, அது தனக்கு வேண்டிய க்ராஸ் கம்பைலரை, அதாவது வேறு வகை ப்ரொசசருக்குக் கட்டித் தரும் கம்பைலரை, தானே கட்டிக்கொள்ளும். உங்கள் லினக்ஸில் சாதாரண சி, சி++ கம்பைலர் இருந்தால் போதும்.

முதலில் சோர்ஸ், அதாவது மூல நிரல். கிட் க்ளோன் வேண்டாம். மலைப்பக்கம் சிக்னல் நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியீட்டுப் பக்கத்தின் ‘சோர்ஸ் செட்ஸ்’ ஃபோல்டரில் உள்ள டிஜிஇசட் (சுருக்கிக் கட்டிய) கோப்புகளை, வீகெட் என்ற இறக்கும் கமாண்டில் ‘மைனஸ் சி’ போட்டு, நள்ளிரவுக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில் இறக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். எக்ஸ்எஸ்ஆர்சி கோப்பு திரை வரைகலைக்கானது, அதை விட்டுவிடலாம். டிஸ்கில் 20 ஜிபியாவது காலியாக வையுங்கள்.

இறக்கியதை ஒரே இடத்தில் விரித்தாயிற்றா, இனி கமாண்ட். போனில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ஸ்க்ரிப்ட்டின் பெயருக்குப் பின் மைனஸ் பெரிய யூ. ரூட் (நிர்வாகி) அதிகாரம் இல்லாமலே கட்ட இது. அடுத்து மைனஸ் சிறிய யூ. மைனஸ் ஜே 2, ஒரே நேரத்தில் இரண்டு வேலை. மைனஸ் பெரிய ஓ போட்டு, சோர்ஸுக்கு வெளியே ஒரு ஃபோல்டர். மைனஸ் எம், ஈவிபிஆர்ம் (ஆர்ம் போர்டுகளுக்கு நெட்பிஎஸ்டி வைத்த பெயர்). மைனஸ் ஏ, ஏஆர்ச்64 (64-பிட் ஆர்ம்). கடைசியில் ‘டூல்ஸ்’. ‘மைனஸ் ஏ’ இல்லாவிட்டால் எந்த ஆர்ம் என்று தெரியாமல் ஸ்க்ரிப்ட் நின்றுவிடும். 4 ஜிபி ராம் உள்ள லெப்டொப்பில் ஜேயை 2-க்கு மேல் ஏற்றாதீர்கள். சி++ கோப்புகள் ராமை விழுங்கும்.

அந்தச் சிறிய யூ நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்ப முக்கியம். அது இருந்தால் முன்பு கட்டியதை அழிக்காது. மழைக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போய், பட்டரியும் தீர்ந்துவிட்டதா? வந்த பிறகு அதே கமாண்டை மறுபடி கொடுங்கள், மிச்சத்தை மட்டும் கட்டும். சில சமயம் ‘கோப்பின் வடிவம் புரியவில்லை’ என்ற பிழையோடு நிற்கும். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ‘டாட் ஓ’ என்ற இடைநிலைக் கோப்பு பூஜ்ஜிய பைட்டில் கிடக்கும். கட்டும் வேலையை நடத்தும் ‘மேக்’ நிரல், அது முடிந்துவிட்டதாக நினைக்கும். அந்த ஒரு கோப்பை அழித்தால் சரி. முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டு ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

டூல்ஸ் முடிந்ததும், இயங்குதளத்தின் மையமான கர்னலைக் கட்ட, கடைசிச் சொல்லை ‘கர்னல் ஈக்வல்ஸ் ஜெனரிக்64’ என்று மாற்றுங்கள். வந்த கர்னலை ‘ஃபைல்’ கமாண்டால் பாருங்கள், ஆர்ம் ஏஆர்ச்64 என்று காட்ட வேண்டும். அப்புறம் கடைசிச் சொல் ‘ரிலீஸ்’. இது நீளும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

முடிவில் ரிலீஸ் ஃபோல்டருக்குள் ‘பைனரி’, அதற்குள் ‘ஜிஇசட்ஐஎம்ஜி’. அங்கிருக்கும் ஆர்ம்64 இமேஜை விரித்து, டிடி கமாண்டால் எஸ்டி கார்டில் எழுதுங்கள். டிஸ்க் பெயரை இருமுறை பாருங்கள். முதல் பூட்டில் கார்டின் அளவுக்குத் தானே விரிந்து, ஒருமுறை ரீபூட் ஆகும். அதற்குள் வயரைப் பிடுங்க வேண்டாம். ரூட்டுக்குக் கடவுச்சொல் இருக்காது. நெட்வொர்க் கேபிளைச் செருகும் முன் அதை வைத்துவிடுங்கள்.